கிளாஸ் எடுக்காத டொக்டர்

 

மெடிக்கல் பைனல் பெறுபேறு வருகிற கிழமையில் எங்கள் ஊரில் ஒரு கேள்வி வீடு வீடாகப் போகும். "பாஸா?" என்று யாரும் கேட்பதில்லை. "கிளாஸ் எடுத்தாரா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று பதில் வந்தால் "ஓ… சரி, பரவாயில்லை" என்று ஒரு இழுவை. மையித்து வீட்டில் ஆறுதல் சொல்கிற குரல் அது. ஐந்து வருஷம் படித்து டொக்டராகிவிட்ட ஒரு பிள்ளையைப் பார்த்து அந்தக் குரலில் பேசுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நீளம் கூட. வாசிக்காமல் லைக் போடுவதைவிட வாசித்துவிட்டுத் திட்டுங்கள், சந்தோசப்படுவோம்.

நாங்கள் டொக்டர்மார் இல்லை, யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிற ஆசிரியர்கள். "இஸ்கூல் வாத்திமாருக்கு மருத்துவ பீடத்தில் என்ன வேலை?" என்று கீழே ஒருவர் கட்டாயம் கேட்பார். அவருக்கு முன்கூட்டியே பதில்: புள்ளி போடுவது எங்கள் தொழில். தவணைக்குத் தவணை கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துகிறோம். ஒரு புள்ளி எப்படிப் பிறக்கிறது, அதில் பிள்ளையின் பங்கு எவ்வளவு, திருத்துகிறவரின் பங்கு எவ்வளவு, அன்றைய வெயிலின் பங்கு எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும். அதோடு, இன்றைக்கு ஸ்டெதஸ்கோப்போடு நடக்கிற இந்தப் பிள்ளைகளை ஆறாம் ஆண்டிலேயே கண்டவர்கள் நாங்கள்.

விசயத்துக்கு வருவோம். எங்களிடம் படித்த ஒரு பிள்ளை. பெயர், பீடம், குடும்பம் எதுவும் சொல்ல மாட்டோம். எழுத்துத் தாள்களில் நல்ல புள்ளி. வோட்டில், கேஸ் பரீட்சையில் மட்டுமட்டான புள்ளி, அதுவும் இரண்டு பாடத்தில். அந்தப் பிள்ளையின் மாமா ஒருவர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் "இனி எம்.டி. கனவை மறக்க வேண்டியதுதான், எங்கையாவது ஒரு டிஸ்பென்சரி போட்டுக் குடுப்பம்" என்று வொய்ஸ் போட்டிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி எங்களுக்கும் வந்தது. மாமா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் சொன்னது பிழை. மனதைப் புண்படுத்துகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. தகவலே பிழை.

இலங்கையில் நடப்பு இதுதான். பிள்ளை வோட்டுக்குப் போகத் தொடங்கியதில் இருந்து மெடிசின், சேர்ஜரி, பிள்ளை நோய், மகப்பேறு, மனநோய் என்று கிளினிக்கல் பயிற்சி மாறி மாறி நடக்கும். கடைசி வருஷம் பேராசிரியர்மாரின் பிரிவுகளில். பிறகு பைனல். அதில் எழுத்துத் தாளும் உண்டு, நோயாளி கட்டிலடியில் நடக்கிற லோங் கேஸ், ஷோர்ட் கேஸும் உண்டு. எல்லாம் சேர்ந்து கிளாஸ். எல்லாப் பீடத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு மெரிட் வரிசை. அந்த வரிசைப்படிதான் சுகாதார அமைச்சு உள்ளகப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியைத் தெரிவுசெய்ய விடுகிறது. முன்னுக்கு நிற்பவர் விரும்பியதை எடுப்பார், பின்னுக்கு நிற்பவருக்கு மிஞ்சியது. யாழ்ப்பாணம் கேட்ட பிள்ளை மொனராகலைக்குப் போக வேண்டி வரலாம். இது உண்மையான நட்டம். இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு? ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொரு துறை என்று 12 மாதம் உள்ளகப் பயிற்சி. அது முடிந்தால் மருத்துவ சபையின் முழுப் பதிவு. பிறகு குறித்த காலம் சேவை. அதோடு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், டொக்டர்மார் பி.ஜி.ஐ.எம். என்று சொல்வது, நடத்துகிற தெரிவுப் பரீட்சை எழுதலாம். எம்.டி.க்கான வாசல் அதுதான். அந்த மண்டபத்துக்குள் கிளாஸ் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே தாளைத்தான் எழுதுகிறார்கள். வோட்டில் உங்களுக்கு என்ன புள்ளி போட்டார்கள் என்று அந்தத் தாள் கேட்காது. வரிசை அங்கே புதிதாகப் பிறக்கிறது.

ஆகவே மாமா, கதவு சாத்தியிருக்கிறது என்று சொன்னது பி.ஜி.ஐ.எம். அல்ல. நீங்கள்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நிறையப் பேர் சந்தோசமாக ஷெயார் பண்ணுவீர்கள். நிறுத்தப் போவதில்லை. ஏனென்றால் மாமாவைப் போலவே எங்களுக்குக் கோபம் வருகிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. "புள்ளியில் ஒன்றும் இல்லை, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நீ கவலைப்படாதே" என்று தோளில் தட்டிவிட்டுப் போகிற கூட்டம். கத்ரை நம்புகிறோம். ஆனால் நெஞ்சில் கேட்கிற மேர்மரைத் தவறவிட்ட பிள்ளையிடம் போய்க் கத்ரைப் பேசுவது ஆறுதல் அல்ல, சோம்பல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, டொக்டராகிவிட்டால் அது செல்லாதா?

வோட்டில் குறைந்த புள்ளி ஒரு செய்தி. அதைத் தூக்கி எறியக் கூடாது. தெரிவுப் பரீட்சையில் நன்றாக எழுதி எம்.டி. பயிற்சிக்குள் போய்விட்டார் என்று வையுங்கள். சில வருஷம் கழித்து அந்த எம்.டி. பரீட்சையில் திரும்பவும் லோங் கேஸ், திரும்பவும் ஷோர்ட் கேஸ். பழைய பலவீனம் அங்கே கதிரை போட்டுக் காத்திருக்கும். பரீட்சையை விடுங்கள், அதற்கிடையில் அந்தக் கையில் எத்தனை நோயாளிகள்?

செய்தி என்றால் வாசிக்க வேண்டும். இங்கேதான் எங்கள் தொழில் உதவுகிறது. கணக்கில் 35 எடுத்த பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே வியாதி இல்லை. ஒருவருக்கு வாய்பாடு தெரியாது. ஒருவருக்குத் தெரியும், பயிற்சி போதாது. இன்னொருவருக்கு எல்லாம் தெரியும், கேள்வியின் தமிழ் விளங்கவில்லை. மூவருக்கும் ஒரே "இன்னும் முயற்சி தேவை" எழுதுகிற ஆசிரியர் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. வோட்டிலும் அப்படித்தான். நோயைப் பற்றித் தெரியாததால் விழுந்த புள்ளி வேறு. கட்டிலடியில் போதிய நேரம் நிற்காததால் விழுந்த புள்ளி வேறு. கண்டதை வாயால் சொல்ல முடியாததால் விழுந்த புள்ளி வேறு.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம். அதைப் பேச ஆள் குறைவு.

யாழ்ப்பாணத்து வோட்டில் ஒரு வயசான அப்பு படுத்திருக்கிறார். "தம்பி, ரெண்டு நாளாச் சத்தி, வயித்தாலடியும் இருந்தது, இப்ப ஒரே தலையிடி, நடந்தாக் களைக்குது" என்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குச் சின்ன வயசில் இருந்து தொய்வு. இன்னொரு உம்மாவுக்குச் சலரோகம், "காலுக்க எறும்பு ஊருற மாதிரி" என்கிறார். களைக்குது என்றால் அலுப்பா, மூச்சு வாங்குகிறதா? கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது விளங்கும். எங்கள் தமிழ்மூலப் பிள்ளை இதையெல்லாம் ஒரு நொடியில் விளங்கிக்கொள்ளும். அந்த உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "எப்ப இருந்து உம்மா?" என்று கேட்கும். உயர்தரம் வரைக்கும் உயிரியலைத் தமிழில் படித்த பிள்ளை அது. பிறகு கொன்சல்டன்ட் வருகிறார். "பிரசென்ட் பண்ணு" என்கிறார். அப்புவின் தமிழைத் தலைக்குள் ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தை மருத்துவ ஆங்கிலமாக்கி, மருத்துவ ஆங்கிலத்தைப் பத்துப் பேருக்கு முன்னால் தடுக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவது வசனத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கிற, வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளை, அப்பு சொன்னதில் பாதி விளங்காமலேயே அழகாகச் சொல்லிவிடுகிறது. புள்ளி யாருக்கு?

தெற்கில் இருந்து யாழ் மருத்துவ பீடத்துக்கு வருகிற சிங்களப் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நோயாளியின் மொழியே புதிது. கொஞ்ச மாதத்தில் "எங்க நோகுது அம்மா?" என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள். கேட்டுச் சிரித்திருக்கிறோம், பிறகு மரியாதை வந்தது. வோட்டில் நடப்பது பாதிக்கு மேல் மொழி வேலை என்பதை அவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போவோம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆங்கிலம் தேவை, அது இல்லாமல் இன்றைக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையைக்கூட வாசிக்க முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் தடுக்குகிற நாக்கையும் மருத்துவம் தெரியாத தலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

நாக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது? ஆங்கிலம் மட்டும் காரணம் இல்லை. தமிழிலும் அந்தப் பிள்ளை எழும்பி நின்று பேசிப் பழகியதில்லை. ஒரு ரியூசன் கொட்டகைக்குள் முந்நூறு பிள்ளைகளை அடைத்து மைக்கில் பாடம் நடத்துகிறார்கள். அங்கே கேள்வி கேட்கிற பிள்ளை மற்றவர்களின் நேரத்தைத் திருடுகிற பிள்ளை. பத்து வருஷத்துப் பழைய வினாத்தாளைக் கரைத்துக் குடித்தால் இஸட் புள்ளி வரும், வாய் திறக்கத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் மருத்துவ பீடம் வரைக்கும் போய்விடலாம். பிறகு திடீரென்று ஒரு நாள் வாயைத் திற, அதற்குத்தான் புள்ளி என்கிறார்கள். இந்தப் பிள்ளைகளை வைத்துப் பேனர் அடிக்கிற ரியூசன் முதலாளிமார் இதற்குப் பதில் சொல்லட்டும். பேனரில் இஸட் புள்ளி போடுகிறீர்களே, நாலு வருஷம் கழித்து வோட்டில் அவர் எப்படி நிற்கிறார் என்று ஒரு பேனர் அடியுங்களேன்.

இரண்டாவது வியாதி, கட்டிலடியில் போதிய நேரம் நிற்காதது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கே கோபம் வரும், வரட்டும். வோட்டின் பெரிய பாடங்கள் காலை எட்டு மணிக்கு நடப்பதில்லை. கஷுவல்ட்டி நாளில், பின்னேரம், இரவு, புதிய நோயாளிகள் வந்து இறங்குகிற நேரத்தில்தான் நடக்கின்றன. மகளை டொக்டராக்க வேண்டும் என்று நகையை அடகு வைக்கிற வாப்பாமார்தான் மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வா என்று போன் அடிக்கிறார்கள். பயம் விளங்குகிறது. அதற்கு வழி இருக்கிறது: கூட்டாளிப் பிள்ளைகளோடு நிற்கட்டும், நானாவோ வாப்பாவோ வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும், விடுதியில் தங்கட்டும். நோயாளியைக் காணாமல் டொக்டராகும் வழி மட்டும் இல்லை. எங்கள் உம்மாமாரும் ராத்தாமாரும் பெண் டொக்டர் வேண்டும், பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கிறார்கள். இரவில் பிரசவ வோட்டுக்குப் போகாத பெண் டொக்டரை எந்தக் கடையில் வாங்குவது?

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களும் இதை வாசிப்பீர்கள். ரொறன்ரோவிலும் நியூ ஜேர்சியிலும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதே தலையிடிதான், பெயர் மட்டும் வேறு. அமெரிக்காவில் ரெசிடன்சி என்பார்கள். அங்கே எங்களுடைய பி.ஜி.ஐ.எம். போல ஒரு தாளில் முடிகிற கதை இல்லை. கிளினிக்கல் ரொட்டேசன் தரம் ஒவ்வொன்றும், மேற்பார்வையாளர் எழுதிய குறிப்புகளும், மருத்துவக் கல்லூரி அனுப்புகிற கடிதத்தில் போகும். மறைக்க முடியாது. 2022இல் இருந்து யூ.எஸ்.எம்.எல்.இ. முதல் கட்டத்துக்குப் புள்ளி இல்லை, பாஸ் அல்லது பெயில் மட்டும். அதனால் இரண்டாம் கட்டப் பரீட்சையும் ரொட்டேசன் தரமும் இன்னும் பாரமாகிவிட்டன.

அந்தத் தரமாவது நேரானதா? 2012இல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் ரொட்டேசன் தரங்களை ஒப்பிட்டது. ஓரிடத்தில் மிக உயர்ந்த தரம் கிடைத்தது 2 சதவீதம் பேருக்கு. இன்னோரிடத்தில் 93 சதவீதம் பேருக்கு. ஒரே தொழில், ஒரே நாடு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. சிறுபான்மைப் பின்னணி மாணவர்களுக்கு வோட்டில் விழுந்த புள்ளிக்கும் மற்றவர்களின் புள்ளிக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. ஆனால் அது தரமாக மாறும்போது பெரிதாகி, விருதாக மாறும்போது அதைவிடப் பெரிதாகிப் போயிருந்தது. பிரித்தானியா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2024இல் இருந்து அங்கே புதிய டொக்டர்மாரை முதல் பயிற்சி இடங்களுக்கு அனுப்பப் படிப்புப் புள்ளியே பார்ப்பதில்லை. கம்பியூட்டர் குலுக்கிப் போடுகிற இலக்கமும் பிள்ளையின் விருப்பமும்தான். அது நல்லதா கெட்டதா என்று அங்கே இன்னும் சண்டை நடக்கிறது. எங்களுக்கும் குலுக்கல் பிடிக்கவில்லை. ஆனால் வோட்டுப் புள்ளி வானத்தில் இருந்து இறங்கிய வஹீ இல்லை என்பதாவது விளங்கட்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இதை வெளியூரில் இருந்து வந்து யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1971இல் மருத்துவ பீடம் போகத் தமிழ்மூலப் பிள்ளைக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும், சிங்களமூலப் பிள்ளைக்கு 229 போதும் என்று வெட்டினார்கள். புள்ளி என்பது யாரோ ஒருவர் கத்தியோடு இருந்து வெட்டுகிற கோடு என்பதை இந்தக் குடாநாடு அன்றைக்கே படித்துவிட்டது. படித்தும், அந்தப் புள்ளியை வைத்தே இன்றைக்குத் தன் பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறது.

சோனகத் தெருவின் கதை இன்னும் கொஞ்சம் கனம். 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேரத்தில் துரத்தப்பட்ட ஊர் இது. புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலுக்குள் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இப்போது பல்கலைக்கழகம் போகிறார்கள். அதனால் ஒரு பிள்ளை மெடிசின் போனால் அது ஒரு வீட்டுப் பிள்ளை இல்லை, முழுத் தெருவும் அதன் தோளில் ஏறிக்கொள்கிறது. பாராட்டுக் கூட்டம், பொன்னாடை, பேஸ்புக்கில் போட்டோ. அந்தப் பாசம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அத்தனை பாரத்தோடு வோட்டில் நிற்கிற பிள்ளை, தெரியாததைத் "தெரியாது சேர்" என்று சொல்லுமா? சொல்லாது. ஊகித்துச் சொல்லும். ஊகித்துச் சொல்வதுதான் வோட்டில் மிக மோசமான பழக்கம்.

இதில் கலியாணச் சந்தை வேறு. கிளாஸ் எடுத்த மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கூலி, எடுக்காதவருக்கு வேறு. ஹராம் என்று பயானில் கேட்டுவிட்டு வந்து, வீட்டுக்குள் புள்ளிப்படி விலை பேசுகிறோம். பெண் டொக்டர் என்றால் கணக்கு தலைகீழ்: கிளாஸ் எடுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டமாம், எடுக்காதவள் "அடக்கமானவள்" ஆகிவிடுகிறாள். இதற்கு மேல் எழுதினால் இரண்டு மூன்று பேர் எங்களை அன்பிரெண்ட் பண்ணுவார்கள்.

சரி, அந்தப் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? முதலில், பெறுபேற்றுக்கும் உள்ளகப் பயிற்சி நியமனத்துக்கும் இடையில் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வைக்கிறார்களே, அந்தக் காலத்தைக் கட்டிலில் படுத்துத் தீர்க்கக் கூடாது. பீடத்தில் தற்காலிக டெமன்ஸ்ரேட்டர் வேலை கிடைத்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு முன் நின்று சொல்லிக் கொடுப்பதைவிட நாக்குக்கு நல்ல மருந்து இல்லை. பழைய வோட்டு ஆசிரியர் ஒருவரிடம் நேரே போய், "சேர், எங்கே பிழைத்தது?" என்று கேட்க வேண்டும். புள்ளியைக் கூட்டச் சொல்லி அல்ல, காரணத்தைக் கேட்டு. கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். நாங்கள் கண்ட அளவில் அப்படிக் கேட்டு வருகிற பிள்ளையை எந்த நல்ல ஆசிரியரும் துரத்தியதில்லை.

பிறகு உள்ளகப் பயிற்சி. மிஞ்சிய ஆஸ்பத்திரி கிடைத்தாலும் பயப்படத் தேவையில்லை. பெரிய போதனா வைத்தியசாலையில் ஒரு நோயாளியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு நோயாளியும் நீங்களும் நேர்ஸும்தான். அந்த 12 மாதமும் இரண்டாவது ரொட்டேசன், இந்த முறை முழுக் கேஸும் உங்களுடையது. மெரிட் இலக்கத்தை யாரும் கேட்க மாட்டார்கள், கெனுலா போடத் தெரியுமா என்று கேட்பார்கள். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிற உங்கள் பிள்ளைகளுக்கும் சாரம் இதுதான்: விரும்புகிற துறையிலேயே கடைசி வருஷத்தில் ஒரு கடினமான ரொட்டேசன் எடுத்து நன்றாகச் செய்து, உங்களைக் கண்ணால் கண்ட ஒருவரிடம் கடிதம் வாங்குங்கள். பழைய தரத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஆசிரியரைக் குறை சொல்லத் தொடங்கினால் நேர்முகம் அங்கேயே முடிந்தது.

பிள்ளைகளுக்கு இவ்வளவு. இனி மருத்துவ பீடங்களுக்கு ஒன்று, மரியாதையோடுதான், ஆனால் உரத்து. கலாசாலையில் நாங்கள் ஆசிரியர் பயிற்சி எடுத்த காலத்தில் கற்பித்தற் பயிற்சிக்குப் போனால் விரிவுரையாளர் கடைசி வாங்கில் வந்து இருப்பார். பாடம் முடிந்ததும் எங்கள் பாடக்குறிப்புக் கொப்பியிலேயே எழுதுவார்: கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிறீர், பின்வரிசைப் பிள்ளைக்குக் கேட்கவில்லை, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை வந்து முதலில் அந்தக் குறிப்பைத்தான் புரட்டுவார். கடைசியில் போட்ட புள்ளி யாருக்கும் அதிர்ச்சியாக இருக்கவில்லை, ஏனென்றால் அதன் காரணம் எல்லாம் ஏற்கெனவே எங்கள் கொப்பியில் இருந்தது. நாப்பது பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கப் போகிற ஆளுக்கு இவ்வளவு கவனம். உயிரைக் கையில் எடுக்கப் போகிற பிள்ளைக்கு ஒவ்வொரு வோட்டுப் பயிற்சியின் முடிவிலும் நாலு வரி எழுதிக் கொடுக்க முடியாதா? சில கொன்சல்டன்ட்மார் செய்கிறார்கள், அவர்களுக்கு துஆ. எல்லாரும் செய்ய வேண்டும் என்று விதி வையுங்கள். அந்த நாலு வரி பைனலுக்கு முன்னால் வர வேண்டும், திருத்த நேரம் இருக்கிற போது. பைனலுக்குப் பிறகு வருகிற இலக்கம் யாருக்கு உதவும்?

"கொன்சல்டன்ட்மாருக்கு நேரம் எங்கே, ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும், கிளினிக் வரிசையில் நாங்களும் நின்றிருக்கிறோம். புள்ளி போட நேரம் இருக்கிறதுதானே. போடுகிற நேரத்தில் பாதியைக் காரணம் எழுதக் கொடுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பாராட்டுக் கூட்டத்தில் மேடையில் கிளாஸை வாசிக்காதீர்கள். "இவர் டொக்டர், இன்ன ஆஸ்பத்திரிக்குப் போகிறார், துஆ செய்யுங்கள்." அவ்வளவும் போதும்.

கடைசியாக ஒரு அறிவித்தல். ஓய்வுபெற்ற ஒரு டொக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அஸருக்குப் பிறகு இரண்டு மணி நேரம், மருத்துவ பீடப் பிள்ளைகளும் நியமனத்துக்குக் காத்திருப்பவர்களும் வந்து கேஸ் சொல்லிப் பழகலாம். முதலில் தமிழில், பிறகு அதே கேஸை ஆங்கிலத்தில். எந்த மதம், எந்த ஊர் என்று இல்லை. பெண் பிள்ளைகள் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாம், தேத்தண்ணி உண்டு. வோட்டு நோயாளியின் பெயரையோ படத்தையோ கொண்டு வரக் கூடாது. புள்ளி போட மாட்டோம், எழுதிக் கொடுப்போம். இடத்தை இன்பொக்ஸில் கேளுங்கள்.

நோயாளியாக வந்து இருக்க வயசானவர்கள் நாலைந்து பேர் தேவை. உண்மையான தொய்வு, உண்மையான சலரோகம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. கதை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பெயரைக் கொமென்டில் போடுங்கள்.

வஸ்ஸலாம்.